வீடு காலிதான்... ஆனா உங்களுக்கு இல்லை!

*ஆடி முடியப் போகிறது. ஆவணியில் பால் காய்ச்சக் காத்திருக்கும் சென்னைக் குடும்பங்கள், வீடு தேடி ஏறி இறங்கும் வாசல்களில் எதிர்கொள்ளும் கேள்விகள் என்னென்ன? ஒரு சிறப்புப் பார்வை.*

"சார், நான்வெஜ் பத்திக் கேட்டா எப்பவாவது, அதுவும் வெளியிலதான்னு சொல்லிடுங்க. மேடம், நீங்க வேலைக்குப் போறதைச் சொல்லுங்க, நைட் ஷிஃப்ட்டுன்னு மட்டும் சொல்லாதீங்க."

மேற்கு மாம்பலத்தின் ஒரு சந்து. ஞாயிற்றுக்கிழமை காலை. பைக்கை ஸ்டாண்ட் போட்டபடியே புரோக்கர் பாடம் நடத்துகிறார். கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகாத அந்தத் தம்பதி, பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளைப் போலத் தலையாட்டுகிறார்கள். கேட்டில் தொங்கும் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் 'டு-லெட், ஃபேமிலி ஒன்லி' என்று எழுதியிருக்கிறது.

முதல் மாடி. சிங்கிள் பெட்ரூம். வீட்டம்மா கதவைத் திறந்துவிட்டு வாசற்படியிலேயே நிற்கிறார். அந்தப் பெண் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திருகுகிறார். முதலில் காற்று, பிறகு துருப்பிடித்த நிறத்தில் கொஞ்சம் தண்ணீர்.

"இது போர் தண்ணிம்மா. குடிக்க மெட்ரோ வாட்டர் கீழ பம்புல அடிச்சுக்கணும். மோட்டார் காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை." அடுத்து, கணவர் பக்கம் திரும்புகிறார். "சொந்த ஊரு?"

"அருப்புக்கோட்டை பக்கம்மா."

"பக்கம்னா?"

ஊர்ப் பெயரைச் சொல்கிறார்.

"ஊர்ல எந்தத் தெரு? குலதெய்வம் எது?"

வாடகை எவ்வளவு என்று அவர் இன்னும் கேட்கவே இல்லை. குலதெய்வத்தின் பெயரைச் சொன்னதும் வீட்டம்மா முகத்தில் ஏதோ ஒரு கணக்கு முடிகிறது. "வீட்டுக்காரரைக் கேட்டு யோசிச்சுச் சொல்றேம்பா" என்கிறார். படியிறங்கும்போதே புரோக்கர் சொல்லிவிட்டார்: "இது நடக்காது சார். அசோக் நகர்ல ஒண்ணு இருக்கு, வாங்க."

## போர்டில் எழுதாத நிபந்தனைகள்

வீடு பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டுதான் எல்லோரும் கிளம்புகிறோம். அங்கே போனால் வீட்டை நாம் பார்க்கும் நேரம் 5 நிமிடம். வீட்டுக்காரர் நம்மைப் பார்க்கும் நேரம் அரை மணி. எத்தனை பேர், குழந்தை உண்டா, என்ன வேலை, சைவமா, ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் அடிக்கடி வருவார்களா என்று கேள்விகள் நீளும். இவற்றில் சில நியாயமானவை. தண்ணீருக்கும் பார்க்கிங்குக்கும் தலைக்கணக்கு வேண்டும்தானே!

சிக்கல், சுற்றி வளைத்துக் கேட்கப்படும் கேள்விகளில்தான் இருக்கிறது. "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகக் கேட்கும் வழக்கம் நகரத்தில் குறைந்திருக்கலாம். அந்த இடத்துக்கு ஊர், தெரு, குலதெய்வம், "அசைவம் சமைப்பீங்களா?" எல்லாம் வந்துவிட்டன. முஸ்லிம்களுக்கு இந்தச் சுற்றும் கிடையாது. போனில் பெயரைச் சொன்னதுமே, "இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்" என்ற பதில் வரும். அடுத்த வாரமும் அதே போர்டு அதே கேட்டில் தொங்கும்.

சுகதேவ் தோரட் தலைமையிலான ஆய்வாளர்கள், டெல்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் வெவ்வேறு பெயர்களில் வாடகை வீடு கேட்டுப் பார்த்து, முடிவுகளை 2015-ல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி' இதழில் வெளியிட்டார்கள். உயர்சாதிப் பெயர்களுக்கு ஏறக்குறைய தடையே இல்லை. தலித் பெயர்களுக்குக் கதவு பாதி திறந்தது. முஸ்லிம் பெயர்களுக்கு அதைவிட மோசம். அது டெல்லிக் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. சென்னையில் வீடு மாறிய எவரைக் கேட்டாலும் இதேபோல ஒன்றிரண்டு வைத்திருப்பார்.

சாதி, மதம் தாண்டியும் பட்டியல் நீளம். தனியாக வாழும் பெண் என்றால், "யார் யார் வந்து போவாங்க?" விவாகரத்து ஆனவர் என்றால் அந்தக் கேள்வி இன்னும் இரண்டு மடங்கு. திருநர்களுக்குப் பெரும்பாலும் கேள்வியே இல்லை, கதவுதான் சாத்தப்படும். 'பேச்சிலர்' என்றால் திருவல்லிக்கேணி மேன்ஷன் பக்கம் கைகாட்டப்படும். வட மாநில இளைஞர்களுக்கு 2012-க்குப் பிறகு நிலைமை இறுகியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில், வங்கிக் கொள்ளை வழக்கில் தேடப்பட்ட 5 பேர் போலீஸ் என்கவுன்ட்டரில் கொல்லப்பட்டார்கள். அதன்பின், குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று வீட்டு உரிமையாளர்களுக்கு உத்தரவு வந்தது. விவரம் கொடுப்பதைவிட, 'வேண்டாம்' என்று சொல்வது பலருக்குச் சுலபமாகிவிட்டது.

போலீஸ், வக்கீல், பத்திரிகைக்காரர், சினிமாக்காரர்... இந்த நாலு பேருக்கும் வீடு தரக்கூடாது என்பது சென்னையின் எழுதப்படாத விதி. இதை எழுதுபவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பது வாசகருக்குத் தெரியும்! செழியன் இயக்கிய 'டுலெட்' படத்தின் நாயகனும் சினிமாவில் வேலை பார்ப்பவன்தான். ஐ.டி. சம்பளம் வாடகையை ஏற்றிவிட்ட 2007-ம் ஆண்டில் நடக்கும் கதை. 2017-ம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. படத்தில் அந்தக் குடும்பம் ஏறி இறங்கும் வாசல்களில் எதுவுமே இன்னும் பழசாகவில்லை.

## வீட்டுக்காரர் பக்கமும் ஒரு கதை

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். சென்னையில் வாடகைக்கு விடும் பலர் பண முதலைகள் அல்ல. பி.எஃப். பணத்தைப் போட்டு மேலே ஒரு மாடி கட்டிய ஓய்வூதியர்கள்; கணவர் போன பிறகு, ஒரு போர்ஷன் வாடகையில் மருந்து மாத்திரை வாங்கும் பெண்கள். அவர்களுடைய பயத்துக்கு வரலாறு இருக்கிறது. 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்தில், குடியிருப்பவரைக் காலிசெய்ய வைப்பது என்பது கோர்ட் படிகளில் பாதி ஆயுளைக் கழிக்கும் வேலை. அப்பா காலத்து வாடகையைப் பிள்ளை கொடுத்துக்கொண்டிருந்த வீடுகள், மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் ஏராளம். 'வாடகைக்கு விட்டால் வீடு போய்விடும்' என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான்.

விளைவு, பூட்டிக் கிடக்கும் வீடுகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் காலியாக இருந்த வீடுகள் ஏறத்தாழ 1.1 கோடி. மகன் அமெரிக்காவில், சாவி பக்கத்து வீட்டில் என்று கிடக்கும் ஃபிளாட் இல்லாத அப்பார்ட்மென்ட் அடையாறிலோ அண்ணா நகரிலோ அபூர்வம்.

ஆனால், இந்தப் பயத்தில் ஓர் ஓட்டை உண்டு. வாடகை பாக்கி வைப்பவரைக் குலதெய்வத்தின் பெயரைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது. அதற்குச் சம்பளச் சீட்டையும் முந்தைய வீட்டுக்காரரின் போன் நம்பரையும்தான் கேட்க வேண்டும். அவற்றைக் கேட்பவர்கள் குறைவு.

## சாவிக்கு முன் எவ்வளவு?

பணக்கணக்குக்கு வருவோம். வாடகை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மாத அட்வான்ஸ் என்ற பழைய சென்னை வழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர் என்றால் 2 லட்சம். மனமிரங்கி 5 மாதத்துக்கு இறங்கினால் 1 லட்சம். முதல் மாத வாடகை 20,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 20,000. லாரி, ஏற்றி இறக்கும் ஆட்கள், கேஸ் கனெக்‌ஷன் மாற்றம், ஏ.சி. கழற்றி மாட்டுவது தனி. ஆக, பால் பொங்குவதற்கு முன்பே ஒன்றரை முதல் இரண்டரை லட்சம் வரை கைமாறிவிடும். நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கொடுப்பது இங்கே சர்வசாதாரணம். அந்த நகைக்கு வட்டி ஓடும். அட்வான்ஸுக்கு வட்டி கிடையாது.

உள்ளே போன பிறகு அடுத்த மீட்டர் ஓடுகிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப்-மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாக வசூலிக்கும் வீடுகளில், அந்த 100 யூனிட் குடியிருப்பவர் கண்ணில் படுவதே இல்லை. காலிசெய்யும்போது 'பெயின்ட் அடிக்க' என்று ஒரு மாத வாடகை பிடித்தம். சுவர் பளிச்சென்று இருந்தாலும் பிடித்தம் உண்டு.

---
பெட்டி: சட்டப்படி உங்கள் உரிமை

தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது.

● எழுத்துபூர்வ ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் இணையம் வழியாகப் பதிவுசெய்ய வேண்டும். 11 மாத ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும்.

● முன்பணம் 3 மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது; இருதரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர.

● காலிசெய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

● வாடகையை உயர்த்த 3 மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

● தண்ணீர், மின்சாரத்தை உரிமையாளர் நிறுத்தக்கூடாது.

● வீட்டுக்குள் வந்து பார்க்க 24 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும்.

---

## சட்டம் யார் கையில்?

பெட்டியில் இருப்பதைப் படித்தால் குடியிருப்போரின் பொற்காலம் என்று தோன்றும். 'வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர' என்ற வரியை மறுபடி படியுங்கள். ஒப்பந்தத்தில் 10 மாத அட்வான்ஸ் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், 3 மாத வரம்பு காற்றில் போனது. வீடு வேண்டும் என்று நிற்பவர் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்?

இன்னொரு திருப்பமும் இருக்கிறது. எழுத்துபூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறுவதே, காலிசெய்யச் சொல்வதற்கு ஒரு காரணம் என்கிறது இந்தச் சட்டம். வாய்வார்த்தையில் பல வருடம் குடியிருந்தவர்கள் மீது இந்தப் பிரிவைப் பயன்படுத்தி உரிமையாளர்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். பாதுகாக்க வந்த பிரிவே வெளியே தள்ளும் கைப்பிடியாக மாறியது.

பதிவுசெய்யலாம் என்று குடியிருப்பவர் வாய் திறந்தால், "வருமான வரியில் மாட்டிவிடப் பார்க்கிறீங்களா?" என்பார்கள். வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்கு கேட்பவர், ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணைத் தர வேண்டும். மாதம் 8,500 ரூபாய் வாடகைக்கே இந்த வரம்பு தாண்டிவிடும். "பான் நம்பர் கேட்காதவங்களா பார்த்துக் கொண்டாங்க" என்று புரோக்கரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள்.

## சாவுக்கு இடமில்லாத வீடுகள்

இந்தக் கட்டுரையில் எழுதக் கஷ்டமான பகுதி இதுதான்.

"வீட்ல பெரியவங்க இருக்காங்களா?" என்ற கேள்வி, மரியாதைக்காகக் கேட்கப்படுவதுபோல இருக்கும். உள்ளர்த்தம் வேறு. வாடகை வீட்டில் சாவு விழக்கூடாது. விழுந்தால், உரிமையாளர் வீட்டுக்குத் தீட்டு. அடுத்துக் குடிவருபவர் யோசிப்பார். படுக்கையில் கிடக்கும் அப்பா, டயாலிசிஸ் போகும் அம்மா என்று தெரிந்துவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. அதனாலேயே, வீடு பார்க்கப் போகும் மகன் அப்பாவின் பக்கவாதத்தை மறைக்கிறார். குடிபோகும் நாளில் ஆட்டோவை இருட்டிய பிறகு வரச்சொல்லி, அவரைத் தூக்கி மாடி ஏற்றுகிறார்.

ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தால் அடுத்த கேள்வி, "உடலை எங்கே கொண்டுபோறது?" வாடகை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டால், பிணவறையிலிருந்து நேரே மின்மயானம்தான். இல்லையென்றால் தெருவோரம் ஷாமியானா போட்டு, ஐஸ் பாக்ஸை அங்கேயே வைக்க வேண்டும். இல்லையென்றால் சொந்த ஊருக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஆம்புலன்ஸ். 20 வருடம் ஒரே தெருவில் வாழ்ந்தவருக்குத் தன் வீட்டுக் கூடத்தில் ஒரு மணி நேரம் படுத்திருக்க அனுமதி இல்லை. தெருக்காரர்கள் மாலையோடு வந்து, எங்கே போடுவது என்று தெரியாமல் நிற்பார்கள். வாடகைச் சட்டத்தின் எந்தப் பிரிவும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லா வீட்டுக்காரர்களும் அப்படி இல்லை. தன் வீட்டு வாசலைத் திறந்துவிட்டு, பந்தல்காரருக்கு போன் போட்டு, வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுப்பவர்களும் இதே நகரத்தில் இருக்கிறார்கள். அந்த மனசு நமக்கு வாய்க்கும் வீட்டுக்காரரைப் பொறுத்தது என்று இருப்பதுதான் பிரச்னை.

## தண்ணீர் போடும் வரைபடம்

எந்த ஏரியா என்பதை பட்ஜெட்டுக்கு அடுத்தபடியாகத் தீர்மானிப்பது தண்ணீர். ஒன்று இருக்காது; இல்லையென்றால் அளவுக்கு மீறி வரும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது, லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த ராத்திரிகள் பலருக்கு மறந்திருக்காது. 2015 டிசம்பரில் முடிச்சூர், கோட்டூர்புரம், வேளச்சேரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மறுபடி வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம். சதுப்பு நிலத்தைச் சுற்றிக் கட்டிய நகரம், அதன் கணக்கைத் தரைத்தளத்தில் குடியிருப்பவரிடம் வசூலிக்கிறது. உரிமையாளர் பெரும்பாலும் மாடியில் இருப்பார். அல்லது வேறு ஊரில். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பைக் எல்லாம் குடியிருப்பவருடையவை.

வேலை இருக்கும் இடத்துக்கும் வாடகை கட்டுப்படியாகும் இடத்துக்குமான தூரம் கூடிக்கொண்டே போகிறது. தரமணியில் டைடல் பார்க் 2000-ல் திறந்த பிறகு ஓ.எம்.ஆர். பக்கம் வாடகை ஏறியது. அடுத்து வேளச்சேரி, மடிப்பாக்கம், மேடவாக்கம் என்று குடும்பங்கள் நகர்ந்தன. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்தது. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரியில் 'டு-லெட்' போர்டுகளின் தொனியே மாறிவிட்டது. இன்னொரு பக்கம், மாம்பலத்திலும் தி.நகரிலும் பழைய ஃபிளாட்டுகளை இடித்துக் கட்டுகிறார்கள். உரிமையாளருக்கு பில்டர் புது ஃபிளாட் தருவார், கட்டி முடியும்வரை வாடகையும் தருவார். அங்கே குடியிருந்தவருக்கு ஒரு நோட்டீஸ்தான். பிள்ளையின் பள்ளி அதே தெருவில் இருக்கும். வீடு 8 கிலோமீட்டர் தள்ளிப்போகும். பாலுமகேந்திராவின் 'வீடு' 1988-ல் வெளிவந்த படம். அதன் கதையும் காலிசெய்யச் சொல்வதில்தான் ஆரம்பிக்கிறது.

---
பெட்டி: கையெழுத்துக்கு முன் கண்ணில் பட வேண்டியவை

● தரைத்தளச் சுவரில், மீட்டர் போர்டுக்குக் கீழே பழைய தண்ணீர்க் கோடு தெரிகிறதா? புது பெயின்ட் இடுப்பு உயரத்துக்கு மட்டும் அடித்திருந்தால், காரணம் கேளுங்கள்.

● மின் மீட்டர் உங்கள் வீட்டுக்குத் தனியா, சப்-மீட்டரா?

● மோட்டார் போடும் நேரம், லாரித் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது? எழுதி வாங்குங்கள்.

● அட்வான்ஸை வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள். குடிபோகும் நாளில் சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து, உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள்.

● 'லீஸ்' என்றால் பத்திரத்தைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

---

அந்தக் கடைசி வரிக்குக் காரணம் உண்டு. மாத வாடகை இல்லை, 5 லட்சமோ 10 லட்சமோ மொத்தமாகக் கொடுத்து 2, 3 வருடம் குடியிருந்துவிட்டு, போகும்போது முழுப்பணத்தையும் வாங்கிக்கொள்வது லீஸ். ஊர்ப்பக்கம் போகியம், ஒத்தி என்று சொல்வதன் நகர வடிவம். இதில் புகுந்த இடைத்தரகர்கள், உரிமையாளரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்து, அதையே வேறு குடும்பத்துக்கு லீஸுக்கு விடுகிறார்கள். சில மாதம் வாடகை ஒழுங்காகப் போகும். பிறகு தரகர் ஆபீஸில் பூட்டு. வீட்டுக்காரர் வந்து, "வாடகை எங்கே?" என்பார், குடியிருப்பவர், "லட்சக்கணக்கில் கொடுத்துட்டோமே!" என்பார். இரண்டு பேரும் சேர்ந்து கமிஷனர் அலுவலகப் படியேறுவார்கள்.

## வாசலுக்கு ஒரு சட்டம்

அரசு சும்மா இருக்கவில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்காக 'தோழி' விடுதிகள் தாம்பரம் உள்ளிட்ட பல ஊர்களில் இயங்குகின்றன, நல்ல முயற்சி. ஆனால், விடுதி வேறு, வீடு வேறு. 2017 சட்டத்தின் பார்வை ஒப்பந்தத்தில் தொடங்குகிறது. ஒப்பந்தம் வரை போக முடியாதவரை அது பார்ப்பதே இல்லை. கடை, ஓட்டல், பொதுக்கிணறு போன்ற இடங்களில் மதம், சாதி, பால், பிறப்பிடத்தின் பெயரால் தடுக்கக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2) பிரிவு. தனியார் வீட்டு வாசல் அந்தப் பட்டியலில் இல்லை.

'என் வீடு, என் இஷ்டம்' என்ற வாதத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஒரே கூரையின் கீழ், ஒரே கேட்டுக்குள் வாழப்போகிறவரை அறிந்துகொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு. ஆனால், போர்டு மாட்டி, விளம்பரம் கொடுத்து, மாதாமாதம் வாடகை வாங்கும்போது அது ஒரு தொழில். தொழிலுக்கு விதி உண்டு. சாதி, மதம், திருமணநிலை பார்த்து மறுப்பதைத் தடை செய்யும் ஒரு பிரிவைச் சட்டமன்றம் இந்தச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். முன்பண வரம்பில் இருக்கும் அந்த 'தவிர'வையும் எடுத்துவிட வேண்டும். நிரூபிப்பது கடினம், வழக்குகள் குறைவாகவே வரும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும், தப்பு என்று சட்டத்தில் எழுதிவைத்தால், குலதெய்வத்தைக் கேட்பதற்கு முன் சிலராவது ஒரு நிமிடம் யோசிப்பார்கள்.

இந்த வாரம் கேட்டில் அட்டை மாட்டப்போகும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் வரும் நேரம்... மூன்றையும் அட்டையிலேயே எழுதிவிடுங்கள். வருகிறவரிடம் சம்பளச் சீட்டைக் கேளுங்கள். குலதெய்வத்தைக் கேட்காதீர்கள்.